பெறுவதற்கு முன்பே பெற்ற தாய்

கொலம்பஸ், ஒஹாயோ
1996 செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கர்ட்டும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தோட்டத்தில் பறிப்பு தொடங்கியிருக்கும். மழை கெடுக்காமல் இருக்க வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று. தத்துக்கு முன்னால் செய்யும் வீட்டு விசாரணை முடிந்துவிட்டது. ஏஜென்சிக்காரப் பெண்மணி குளியலறை மருந்துப் பெட்டியைக்கூட விடாமல் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குக் குழந்தை தரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு வருஷம், மூன்று கருச்சிதைவுகள், எத்தனையோ ஊசிகள். எல்லாவற்றுக்கும் பிறகு இனிக் காத்திருப்பது மட்டும்தான் பாக்கி.

எங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் செய்து கொடுக்க வேண்டும். பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் புத்தகங்களைப் பார்த்துத்தான் குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இலையுதிர்காலப் படங்கள்தான் எடுபடும் என்கிறாள் ஏஜென்சிக்காரி. பரம்பரை வழக்கங்கள் உள்ள வீடு என்று தெரிய வேண்டுமாம். ஆகவே அக்டோபரில் உன் தோட்டத்துக்கு வந்து ஆப்பிள் பறிப்பது, வைக்கோல் வண்டியில் போவது, பரங்கிக்காய் பொறுக்குவது எல்லாம் படம் எடுத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக் கேஸியையும் அழைத்து வருகிறோம். நாங்கள் குழந்தைகளோடு பழகுவது படத்தில் தெரிய வேண்டும் என்பது கர்ட்டின் யோசனை.

இன்னொன்று. நெருங்கிய உறவினர் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு எங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். உறையை ஒட்டி நேரே ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும், நாங்கள் பார்க்கக் கூடாது. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் கடிதத்தை "அன்புள்ள பெற்ற தாய்க்கு" என்று தொடங்கியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதும்போதே அழுதுவிட்டேன்.

அன்புடன்,
மார்லிஸ்


ஹார்லோ சாலை, மிச்சிகன்
செப்டம்பர் 22

மார்லிஸுக்கு,

முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வலியும் அதை விட்டு எங்கும் போகவில்லை. நீங்கள் நலம் என்று எழுதியது சந்தோஷம்.

பரம்பரை வழக்கம் என்றாய். நம் வீட்டில் இலையுதிர்காலத்துக்கு ஒரே வழக்கம்தான் உண்டு. விடிந்தது முதல் இருட்டும்வரை பறிப்பது, பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு படுப்பது. அந்த வழக்கத்தையும் பதினெட்டு வயதில் விட்டுவிட்டு ஓடிப்போனாய். ஏணியில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று அப்பாவிடம் சொன்னாய். இப்போது பத்தாவது மாடியில் வேலை பார்க்கிறாய், அங்கே சுற்றவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை ஆனால் உன்னைப் போன்றவர்கள் நாற்பது கார்களில் வந்து இறங்குகிறார்கள். கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கிய கட்டம் போட்ட சட்டை, சேறு படாத பூட்ஸ். ஒரு கூடை பறிக்க நாலு கிளையை முறிப்பார்கள். "ஆஹா, என்ன நிம்மதியான வாழ்க்கை" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நிம்மதி கிலோ என்ன விலை என்று கேட்கத் தோன்றும், அடக்கிக்கொள்கிறேன்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளையைப் படம் எடுத்தாலே போதும் என்று மாப்பிள்ளை கண்டுபிடித்திருக்கிறார். படித்தவர் அல்லவா.

பெற்ற தாய் என்று எழுதி அழுதாயாம். அவள் இன்னும் பெறவே இல்லையே, மார்லிஸ்! வயிறும் பிள்ளையுமாக நிற்கிறவளை இப்போதே பெற்று முடித்தவள் ஆக்கி, உன் வேலை ஆயிற்று, நீ போகலாம் என்று கதவைக் காட்டுகிறாய். அது இறந்தகாலம். இலக்கணத்தில் நீ எப்போதுமே மட்டம்.

சனிக்கிழமை வராதே. புதன்கிழமை வா.

அக்கா
பெர்டினா


கொலம்பஸ்
அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். கர்ட்டின் இடுப்பு தேவலை. நீ தந்த தைலத்துக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

படங்கள் அருமையாக வந்திருக்கின்றன. நீ பேசிய பேச்சு படத்தில் விழாது என்பது எங்கள் அதிர்ஷ்டம். அவர் ஏணியில் நின்று சிரிக்கும்போது, "மாப்ள, இழுக்காதீங்க! தூக்கித் திருகுங்க. அது என்ன சர்ச் மணிக் கயிறா?" என்று கத்தினாயே, அந்தப் படத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதோடு விட்டாயா? கேஸியை மடக்கி, "ஏம்மா, இவங்க உனக்கு யாரு?" என்று கேட்டாய். அதுவும், "பக்கத்து வீடு. சிரிச்சா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னாங்க" என்று போட்டு உடைத்துவிட்டது. நீ சிரித்த சிரிப்பு சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

நேற்று வாசலில் பரங்கிக்காய்களை முகம்போலக் குடைந்து வைத்தோம். பெரியது கர்ட், நடுத்தரம் நான். மூன்றாவதாகச் சின்னது ஒன்றை நீயேதான் வண்டியில் வைத்தாய். அதை நான் குடையவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். நீயும் ஒன்றும் சொல்லாதே.

இருபத்தைந்தாம் தேதிக்குள் உன் கடிதம் ஏஜென்சிக்குப் போய்ச் சேர வேண்டும். நல்லதாக நாலு வரி போதும், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
மார்லிஸ்


(ஒட்டிய உறையில், ஏஜென்சி வழியாக)
ஹார்லோ சாலை, மிச்சிகன்
அக்டோபர் 21

தாய்க்கு,

நலமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் பெயர் எனக்குத் தெரியாது. ஏஜென்சி அனுப்பிய மாதிரிக் கடிதம் பெற்ற தாய்க்கு என்று தொடங்கச் சொல்கிறது. நீ இன்னும் பெறவில்லை. இன்றைய தேதியில் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே தாய் நீதான். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

என் தங்கையைப் பற்றிக் கேட்கிறார்கள். படத்தில் அவள் ஏந்தி நிற்கும் ஆப்பிள் பணியாரம் நான் சுட்டது. தோட்டம் என்னுடையது. பரங்கிக்காயும் என்னுடையது. குழந்தை பக்கத்து வீட்டுடையது. என் தங்கைக்கு ஆப்பிள் பிடிக்காது. அவள் புருஷன் ஏணியிலிருந்து இறங்கத் தெரியாமல் கால்மணி நேரம் மேலேயே நின்றார். சருகுக் குவியலில் விழுந்து சிரிக்கிறார்களே, அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இரண்டு நாள் தும்மினார்கள்.

இந்தக் கூத்தை எல்லாம் எதற்கு ஆடினாள் என்றால், குழந்தை வேண்டும். வேறு எதற்காகவும் அவள் இப்படி அசடு வழிந்து நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, நாலு மாதம் வாராவாரம் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்து, அழுக்குத் துணியெல்லாம் அவள்தான் துவைத்தாள். அதை யாரும் படம் எடுக்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெர்டினா ஹூக்ஸ்ட்ரா


கொலம்பஸ்
நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஏழு வாரமாக ஏன் எழுதவில்லை என்று உனக்கே தெரியும். நாங்கள் பார்க்கக் கூடாத உன் கடிதத்தை ஏஜென்சிக்காரியே போனில் வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்து, "இவங்க உங்க அக்காவா? இல்ல, ஆகாதவங்களா?" என்றாள். அந்தக் கடிதத்தோடு புத்தகத்தை அதற்குள் நகல் எடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்ப வாங்க முடியாது. கர்ட் உன் பெயரைச் சொல்லவே கூடாது என்று சத்தம் போட்டார். நானும் சொல்லாமல்தான் இருந்தேன்.

இப்போது கேள். எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்! பெயர் ஜோலின். பத்தொன்பது வயது, டொலீடோவில் ஒரு பேக்கரியில் வேலை. ஜனவரிக் கடைசியில் பிரசவம். போன சனிக்கிழமை பார்த்தோம். ஏன் எங்களை என்று கேட்டேன். "இருபத்திரண்டு புத்தகம் பார்த்தேன். எல்லாத்துலயும் பரங்கிக்காய்தான். உங்களதுல மட்டும் ஒரு மனுஷி பேசுறாங்க" என்றாள். அக்கா, உன் தேள்கொடுக்கு நாக்கால் எங்களுக்குக் குழந்தை வரப்போகிறது. யாராவது நம்புவார்களா?

நன்றி கூறும் நாள் விருந்துக்கு வான்கோழியைக் கருக்கிவிட்டேன். கருகியதையே சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம். அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாயிற்று. தொட்டில் நாளை வருகிறது.

ஜோலின் உன் விலாசம் கேட்டாள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். நல்லபடியாகப் பதில் போடு.

நிறைந்த அன்புடன்,
மார்லிஸ்


டொலீடோ
டிசம்பர் 9

பெர்டினா அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம், உள்ளே இருப்பதும் நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி மார்லிஸ் அக்கா சொன்னார்கள். குளிர் காலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கடிதமும் என்னைப் பெற்ற தாய் என்றுதான் கூப்பிட்டது. ஏஜென்சியில், ஆஸ்பத்திரியில், எங்கள் அம்மாகூட. அதைக் கேட்கக் கேட்க எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் தாய்க்கு என்று இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

பிள்ளையைக் கொடுக்கப் போவதாகச் சொன்னதும் எல்லோரும் "நீ எவ்வளவு தைரியசாலி" என்கிறார்கள். இதன் அப்பன் ஓடிவிட்டான். "உன்னால ஒரு பூனையை வளக்க முடியுமாடி?" என்கிறாள் எங்கள் அம்மா. என் பெரியம்மா மட்டும், தன் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது என்கிறாள். பேக்கரியில் விடியற்காலை வேலைக்குப் பதிலாகப் பகல் வேலை கேட்டால் தருவார்கள்.

உங்கள் தங்கை ரொம்ப நல்லவர்கள். அவர்களிடம் கேட்க முடியாது. நீங்கள் முகத்துக்காகப் பேசாதவர்கள். என்னால் வளர்க்க முடியுமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஜோலின்


ஹார்லோ சாலை, மிச்சிகன்
டிசம்பர் 17

ஜோலினுக்கு,

நீயும் பிள்ளையும் நலம் என்று அறிந்தேன்.

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டிருக்கிறாய். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. என் தங்கை வளர்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. முதல் ஐந்து வருஷம் உன்னைவிட நன்றாகவே வளர்ப்பாள். ஆனால் நீ அதைக் கேட்கவில்லை. உன்னால் முடியுமா என்று கேட்டிருக்கிறாய்.

எட்டு மாதக் கர்ப்பத்தோடு விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுடப் போகிறாய். படுக்க ஒரு மாடி அறை, கேட்டால் கிடைக்கும் வேலை, ஒரு பெரியம்மா, மூன்றையும் ஏற்கனவே யோசித்து வைத்துக்கொண்டுதான் எனக்கு எழுதுகிறாய். முடியாது என்று நினைக்கிறவள் இப்படிக் கணக்குப் போட மாட்டாள்.

முடியும். கஷ்டப்படுவாய். முடியும்.

பிள்ளை பிறந்து மூன்று நாள் கழித்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள் என்று மார்லிஸ் சொன்னாள். அதுவரைக்கும் யாருக்கும் நீ கடமைப்பட்டவள் இல்லை.

பெர்டினா


கொலம்பஸ்
1997 ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. நான் எழுதி ஐந்து வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? போன் செய்தால் ஓரிரு வார்த்தையில் வைத்துவிடுகிறாய்.

ஜோலின் முன்போல் பேசுவதில்லை. களைப்பாக இருக்கும். நான் வாராவாரம் கூப்பிட்டு விசாரிக்கிறேன். அவள் உனக்கு எழுதினாளா? என்ன கேட்டாள்?

சின்னச் சட்டைகளை எல்லாம் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கர்ட் தொட்டிலை மூன்று தரம் பிரித்து மூன்று தரம் பூட்டிவிட்டார். பெண் என்றால் அம்மாவின் பெயரை வைக்கலாமா? உன் சம்மதம் வேண்டும்.

அன்புடன்,
மார்லிஸ்


ஹார்லோ சாலை, மிச்சிகன்
ஜனவரி 14

மார்லிஸுக்கு,

நலம். பனி முழங்காலுக்கு மேல் நிற்கிறது. சாறு பிழியும் பொறியில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிட்டது. சரிசெய்ய வந்தவன் ஒரு முட்டாள், இருந்த விரிசலை இரண்டாக்கிவிட்டுப் போனான். மரங்களில் கிளை கழிக்க ஆரம்பிக்க வேண்டும்.

ஆமாம், அந்தப் பெண் எழுதியிருந்தாள். முழங்கால் வலியை விசாரித்திருந்தாள்.

பெயரைப் பற்றி இப்போது என்ன அவசரம்?

குளிருக்கு இதமாக உடுத்து.

அக்கா
பெர்டினா


கொலம்பஸ்
பிப்ரவரி 9

அக்கா,

ஜனவரி முப்பதாம் தேதி ஜோலினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கையில் கொடுத்தார்கள். இருபது நிமிஷம் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஏஜென்சிக்காரி வந்து, "அவ மனசு மாறிட்டா. கொழந்தைய அவளே வச்சுக்கப் போறாளாம்" என்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. காரில் குழந்தை இருக்கையை வைத்துக்கொண்டே திரும்பினோம்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பிள்ளை. ஆனால் போகும்போது அவள் அம்மா நடைவழியில் என்னை நிறுத்தி, "எவளோ ஒருத்தி முடியும் முடியும்னு எழுதி இவ மனச கெடுத்துட்டா" என்றாள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அவளுக்கு நீ என்ன எழுதினாய்?

மார்லிஸ்


ஹார்லோ சாலை, மிச்சிகன்
பிப்ரவரி 17

மார்லிஸுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

முடியும் என்று எழுதினேன். அவள் கேட்டாள், எனக்கு உண்மை என்று பட்டதைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். இதோடு நிறுத்தினால் நான் யோக்கியமானவள் ஆகிவிடுவேன். நிறுத்த முடியவில்லை.

அவளுக்கு எழுதிய உறையை ஒட்டும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. உன் மஞ்சள் அறை, உன் கட்டம் போட்ட சட்டை, நான் சுட்ட பணியாரத்தை ஏந்திக்கொண்டு சிரித்த உன் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கொட்டு வைத்ததுபோல் இருந்தது. நீ இங்கிருந்து போய் இருபது வருஷமாகிறது. நான் இதே ஏணியில் நிற்கிறேன். இங்கே வருகிற ஒவ்வொருவரையும் கேவலமாகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் உன்னையும் அப்படியே பார்த்துவிட்டேன். சொன்னது உண்மைதான். சொன்னவள் நல்லவள் இல்லை.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஜனவரியில் நீ கேட்டபோது குழாய் வெடித்த கதையை எழுதினேன். அதுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா
பெர்டினா


கொலம்பஸ்
1997 அக்டோபர் 19

மதிப்பிற்குரிய பெர்டினா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய ஆப்பிள் பெட்டி வந்து சேர்ந்தது. அதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

ஆகஸ்டில் மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு எங்களிடம் ஒரு பிள்ளையை ஒப்படைத்தார்கள். நான்கு வயதுப் பெண். பெயர் காரா, பெற்றவர்கள் வைத்த பெயர், நாங்கள் மாற்றவில்லை. இந்த முறை புத்தகமும் இல்லை, யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை. முதல் மாதம் மேஜைக்கு அடியில்தான் தூங்கினாள். நானும் அங்கேயே தூங்கினேன். இப்போது கட்டிலுக்கு வந்துவிட்டாள். பரங்கிக்காயைக் கண்டால் பயம், அதனால் இந்த வருஷம் வாசலில் எதுவும் வைக்கவில்லை. படமும் எடுக்கவில்லை.

பெட்டியைத் திறந்தவுடன் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பிடித்துப்போய்விட்டது. மூன்று தின்றாள். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாரு குடுத்தது?" என்று கேட்டாள்.

"மிச்சிகன்ல ஆப்பிள் விக்கிறவங்க" என்றேன்.

இப்படிக்கு,
மார்லிஸ்